அறுபது கடை, ஒரே கணக்கு: பல ஊர்களில் பரவிய தரவுச் செயலாக்கத்தைத் திட்டமிடும் முறை

பல ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு நிறுவனம். கிளைகளில் நாள் முழுக்கத் தரவு பிறக்கிறது. தலைமை அலுவலகத்தில் அது ஒன்றுசேர்ந்து கணக்காக வேண்டும். இதற்கு ஓர் அமைப்பை வடிவமைக்கச் சொன்னால், புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வெள்ளைப் பலகையில் காஃப்கா, ஸ்பார்க், ஹடூப் (பெருந்தரவைப் பல கணினிகளில் கடத்த, கணக்கிட, சேமிக்க உதவும் மென்பொருள்கள்) என்று பெட்டி பெட்டியாக வரையத் தொடங்குவார்கள். பெட்டி பிறகு வரையலாம். முதலில் ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

ஒரு மளிகைக் கடைச் சங்கிலியை எடுத்துக்கொள்வோம். 60 கடைகள், கடைக்கு 6 பில்லிங் கவுன்ட்டர், கவுன்ட்டருக்கு ஒரு நாளில் 400 பில், பில்லுக்குச் சராசரியாக 12 வரி (பொருளுக்கு ஒரு வரி). கடை கற்பனைதான். உங்கள் எண்களைப் போட்டுக்கொண்டால் மருத்துவமனைக்கும், கூட்டுறவுச் சங்கத்துக்கும், பேருந்து நிறுவனத்துக்கும் இதே வழிதான்.

படி 1: கணக்குப் போடுங்கள்

60 × 6 × 400 = நாளுக்கு 1,44,000 பில். அதை 12-ஆல் பெருக்கினால் 17,28,000 வரிகள். ஒரு வரிக்கு 300 பைட் வைத்தால் நாளுக்குச் சுமார் 520 எம்பி, வருடத்துக்கு 190 ஜிபி. விற்பனையில் பெரும்பகுதி 14 மணி நேரத்துக்குள் நடக்கிறது என்றால் வினாடிக்கு 34 வரி வருகிறது. சராசரியை நம்பி அமைப்பு கட்டக் கூடாது. சம்பளம் வந்த முதல் ஞாயிறு மாலையும் தீபாவளிக்கு முந்தைய இரவும்தான் உண்மையான சோதனை. பத்து மடங்கு வைத்தால் வினாடிக்கு 340 வரி.

இப்போது யோசியுங்கள். சாதாரண சர்வர் ஒன்றில் ஓடும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வினாடிக்கு ஆயிரக்கணக்கான வரிகளை எழுதும். ஆண்டுக்கு 190 ஜிபி என்பது இன்றைய ஒற்றை எஸ்எஸ்டியில் பல வருடம் அடங்கும். அளவை மட்டும் பார்த்தால் இங்கே கிளஸ்டருக்கே (பல கணினிகள் சேர்ந்து ஒன்றாக இயங்கும் தொகுதிக்கே) வேலை இல்லை. 2015-இல் ஃபிராங்க் மெக்‌ஷெரி, மைக்கேல் ஐசர்ட், டெரெக் முரே மூவரும் ஓர் ஆய்வில், நூற்றுக்கு மேற்பட்ட கோர்களில் (செயலிக் கருக்களில்) ஓடிய சில கிராஃப் (வலைப்பின்னல்) கணக்குகளை ஒரே மடிக்கணினியில், ஒரே த்ரெட்டில் (ஒரே நேரத்தில் ஒரே வேலையாக) ஓட்டி, அந்தக் கிளஸ்டர்களை முந்திக் காட்டினார்கள். யாராவது "நமக்குப் பிக் டேட்டா" என்று சொன்னால், எத்தனை ஜிபி என்று கேளுங்கள். பாதிப் பேரிடம் பதில் இருக்காது.

படி 2: எதற்காகப் பிரிக்கிறோம் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

வேலையைப் பல கணினிகளுக்குப் பிரிக்க மூன்று காரணங்கள்தான் உண்டு. தரவு ஒரு கணினியில் அடங்காத அளவு. தரவு பிறக்கும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் உள்ள தூரம். ஒரு கணினி விழுந்தாலும் வேலை நிற்கக் கூடாது என்ற கட்டாயம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. தூரத்துக்கு வேண்டியது கிளையிலேயே சேமித்து வைத்து அனுப்பும் ஏற்பாடு. பழுதுக்கு வேண்டியது நகல். அளவுக்கு மட்டும்தான் ஸ்பார்க் மாதிரியான கருவிகள். காரணத்தை மாற்றிப் புரிந்துகொண்டால், இணையம் அறுந்த கடையில் பில் போட முடியாமல் வரிசை நிற்கும்போது, தலைமையகத்தில் பத்து சர்வர்கள் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்.

நமது கடைச் சங்கிலிக்குத் தூரம் முதல் காரணம், பழுது இரண்டாவது. அளவு இப்போதைக்கு இல்லை. திட்ட ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே இது இருக்கட்டும்.

படி 3: கடைக்குள் நடப்பது

ஒரு விதி: இணையம் இல்லாவிட்டாலும் பில் போட முடிய வேண்டும். எனவே கடைக்குள்ளேயே ஒரு சிறு சர்வர், அதில் ஒரு தரவுத்தளம், அதற்கும் ரவுட்டருக்கும் ஒரு யுபிஎஸ். ரவுட்டரை யுபிஎஸ்ஸில் செருக மறந்துவிட்டு, மின்வெட்டின்போது லைன் போய்விட்டதாக இணைய நிறுவனத்தைத் திட்டுவது வழக்கமாக நடப்பது.

பில் பதிவாகும் அதே பரிவர்த்தனையில், "அனுப்ப வேண்டியவை" என்ற தனி அட்டவணையிலும் ஒரு வரி விழ வேண்டும். இரண்டும் சேர்ந்து பதிவாக வேண்டும், அல்லது இரண்டுமே பதிவாகக் கூடாது. தனியாக ஓடும் ஒரு சிறு நிரல் அந்த அட்டவணையைப் பார்த்து மையத்துக்கு (தலைமையக சர்வருக்கு) அனுப்பும்; மையம் "வந்து சேர்ந்தது" என்று சொன்ன பிறகே வரியை அனுப்பியதாகக் குறிக்கும். பில் மென்பொருளே நேரடியாக மையத்தைக் கூப்பிட்டால், லைன் மந்தமாகும் ஒவ்வொரு முறையும் கவுன்ட்டர் உறைந்து நிற்கும்.

இனி பில் எண். இதை மையத்திடம் கேட்டு வாங்கக் கூடாது. கவுன்ட்டர் தானே உருவாக்க வேண்டும், ஆனால் வேறெந்தக் கவுன்ட்டரின் எண்ணோடும் மோதக் கூடாது. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர் எண்ணாகவும், 16 எழுத்துக்குள்ளும், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராததாகவும் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்கள் வைத்துக்கொள்ளலாம். ஆகவே கணினி தற்செயலாக உருவாக்கும் 36 எழுத்து அடையாளக் குறியான யுயுஐடி பில் எண்ணாகாது. 17-03/25-045127 என்பது போல அமைக்கலாம்: கடை 17, கவுன்ட்டர் 03, நிதியாண்டு 25, பிறகு ஆறு இலக்கத் தொடர் எண். மொத்தம் 15 எழுத்து. 400 பில் × 365 நாள் = 1,46,000 என்பதால் ஐந்து இலக்கம் போதாது. ஏப்ரல் 1-இல் தொடர் மறுபடி 1-இலிருந்து தொடங்கும். எண்ணுக்குள் ஆண்டு இல்லாவிட்டால் போன வருடத்துப் பில்லோடு மோதும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? கீழே உள்ள காட்சியைப் பாருங்கள். மாலை 7:42. பில் 045127 மையத்துக்குப் போய்ச் சேர்ந்து பதிவாகிவிட்டது. மையம் அனுப்பிய பதில் திரும்பி வருவதற்குள் லைன் அறுந்தது. கடைக்குப் பதில் வரவில்லை, ஆகவே 7:44-க்கு அதே பில்லை மறுபடி அனுப்புகிறது. மையம் அதைப் புதுப் பில்லாக எண்ணினால் விற்பனை இரட்டிப்பாகும். பதில் வராததற்குக் காரணம் பில் போகாததா, பதில் திரும்பாததா என்று கடைக்குத் தெரிய வழியே இல்லை. எனவே "ஒரே ஒரு முறை மட்டும் அனுப்புவது" என்பதை நம்பாதீர்கள். பல முறை அனுப்பட்டும். மையத்தில் பில் எண்ணும் வரி எண்ணும் சேர்ந்து முதன்மைச் சாவியாக (ஒரு வரியை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமாக) இருக்கட்டும். ஏற்கனவே இருந்தால் சத்தமில்லாமல் விட்டுவிட்டு "வந்து சேர்ந்தது" என்றே பதில் சொல்லட்டும். போஸ்ட்கிரெஸில் 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' என்ற ஒரு தொடர் இதைச் செய்துவிடும். ரத்து, திருப்பி வாங்கியது இரண்டையும் பழைய பில்லை அழித்து எழுதாமல் தனிப் பதிவாகவே போடுங்கள்.

மறுமுயற்சிக்கு இடைவெளி கூடிக்கொண்டே போக வேண்டும்: 5 வினாடி, 10, 20, 40 என்று, அதிகபட்சம் 10 நிமிடம். அதோடு ஒரு சிறு தற்செயல் எண்ணையும் கூட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் படுத்திருந்த மைய சர்வர் எழுந்த நொடியே 60 கடைகளும் சேர்ந்து மோதி மறுபடி படுக்க வைக்கும்.

ஒரு கடையின் ஒரு நாள் தரவு 8.6 எம்பி. முழு நாள் லைன் இல்லாமல் போனாலும், 2 எம்பிபிஎஸ் மொபைல் இணைப்பில் அது 35 வினாடியில் போய்விடும். கடையில் 30 நாள் தரவை வைத்திருந்தாலும் 260 எம்பிதான். தாராளமாக வைத்திருங்கள், மையத்தில் ஏதாவது குளறுபடி நேர்ந்தால் மறுபடி ஏற்ற இதுதான் உதவும்.

படி 4: நேரமும் எழுத்தும்

மைய சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அதாவது யுடிசியில் தேதி மாறுவது நமக்கு அதிகாலை 5:30-க்கு. காலை 8 மணிக்குத் திறக்கும் கடையில் இந்தப் பிழை ஒருபோதும் கண்ணில் படாது. அதிகாலை 4:30-க்குப் பால் பாக்கெட் விற்கத் தொடங்கும் கடையில் ஒரு மணி நேர விற்பனை தினமும் முந்தைய நாள் கணக்கில் ஏறும். மாத மொத்தத்தில் வித்தியாசம் சிறிதாக இருப்பதால் மாதக்கணக்கில் யாரும் கவனிக்க மாட்டார்கள். தீர்வு எளிது: நிகழ்ந்த நேரத்தை யுடிசியில் ஒரு நெடுவரிசையிலும், "வணிகத் தேதி"யைக் கடையே தீர்மானித்து இன்னொரு நெடுவரிசையிலும் வையுங்கள். மையத்துக்கு வந்து சேர்ந்த நேரம் மூன்றாவது. மூன்றும் வேண்டும்.

கவுன்ட்டர் கணினிகளின் கடிகாரத்தை நம்ப முடியாது. தாய்ப்பலகையில் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்தால், மறுநாள் காலை அந்தக் கணினி பல வருடம் பின்னோக்கிப் போயிருக்கும். கடை சர்வர் என்டிபி (இணையம் வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) வழியாக நேரம் வாங்கட்டும், கவுன்ட்டர்கள் அதனிடம் வாங்கட்டும். 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பில்லிங் திரையில் எச்சரிக்கை வரட்டும்.

தாமதமாக வரும் தரவுக்கு ஒரு கொள்கை வேண்டும். இரவு 11 மணிக்கு முதல் அறிக்கை, மறுநாள் காலை 7-க்குத் திருத்தம், அதன்பின் 7 நாள் வரை வருவதைத் தானாகச் சேர்த்துக்கொள்வது என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். அறிக்கையின் தலையிலேயே "60-இல் 58 கடைகளின் தரவு வந்துள்ளது" என்று அச்சிடுங்கள். இந்த ஒரு வரி இல்லாததால்தான், லைன் போன கடையின் மேலாளருக்கு "ஏன் நேற்று விற்பனை விழுந்தது?" என்று காலையில் போன் வருகிறது.

பொருள் பெயரைத் தமிழில் வைத்தால் இன்னும் இரண்டு பொறிகள். "கொத்தமல்லி" கண்ணுக்கு ஆறு எழுத்து. யுனிகோடில் அது 10 குறியீடுகள். யுனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் என்பதால் 30 பைட். 20 பைட் அகலமுள்ள பழைய நெடுவரிசையில் போட்டால் ஓர் எழுத்தின் நடுவிலேயே வெட்டுப்படும். இரண்டாவது, "கொ"வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். இரண்டு கடைகளின் கொத்தமல்லி அறிக்கையில் இரண்டு வரிகளாக வந்து நிற்கும். உள்ளே வரும் எல்லா உரைகளையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இத்தகைய குறிகளை ஒரே குறியீடாக்கும் யுனிகோடு முறைக்கு) மாற்றிவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் உள்ள தரவை வாசலிலேயே யுனிகோடுக்கு மாற்றுங்கள். எது எப்படியோ, அட்டவணைகளை இணைக்க எப்போதும் பொருள் எண்ணைப் பயன்படுத்துங்கள். பெயர் காட்டுவதற்கு மட்டும்.

படி 5: மையம்

ஒரு முதன்மைத் தரவுத்தளம், அதில் நடப்பதை உடனுக்குடன் நகலெடுக்கும் ஒரு துணைத் தரவுத்தளம், வேறு இடத்தில் பேக்கப். இதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள்.

துணை என்பது பேக்கப் ஆகாது. யாராவது நிபந்தனை போட மறந்து ஓர் அட்டவணையை அழித்தால், அடுத்த வினாடியே துணையிலும் அது அழிந்திருக்கும். பேக்கப்பை மாதம் ஒருமுறை வெற்றுக் கணினியில் மீட்டு, வரிகளை எண்ணிப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

துணையை ஒத்திசைவாக வைப்பதா, பின்தொடர்வதாக வைப்பதா? ஒத்திசைவு என்றால் துணையும் எழுதி முடிக்கும்வரை ஒவ்வொரு பதிவும் காத்திருக்கும். ஒளி கண்ணாடி இழையில் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 1,300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் துணைக்குப் போய்வரக் குறைந்தது 13 மில்லிவினாடி, நடைமுறையில் இன்னும் கூடும். துணை விழுந்தால் முதன்மையும் நின்றுவிடும். பின்தொடரும் முறையில் வேகம் உண்டு, ஆனால் முதன்மை திடீரென்று செத்தால் கடைசிச் சில வினாடிகளின் தரவு போய்விடும். நமக்கு இது கவலையில்லை: கடைகளில் 30 நாள் தரவு இருக்கிறது, மறுபடி அனுப்பச் சொன்னால் போதும், இரட்டிப்பும் ஆகாது. படி 3-இல் பட்ட பாடு இங்கே பலன் தருகிறது. பின்தொடரும் முறையையே எடுத்துக்கொள்ளலாம்.

முதன்மை விழுந்தால் துணை தானாகவே பொறுப்பேற்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், இரண்டு கணினி போதாது. நடுவில் உள்ள லைன் மட்டும் அறுந்தால், எதிரில் இருப்பவர் செத்துவிட்டார் என்று இருவரும் நினைத்து, இருவரும் முதன்மையாகிவிடுவார்கள். பெரும்பான்மை வாக்குக்கு மூன்றாவது ஒன்று வேண்டும். மூன்று இருந்தால் ஒன்று விழலாம். ஐந்து இருந்தால் இரண்டு விழலாம். நான்கு வைத்தாலும் ஒன்றைத்தான் தாங்கும், காசு வீண். எரிக் புரூவர் 2000-இல் முன்வைத்து, கில்பர்ட்டும் லிஞ்சும் 2002-இல் நிரூபித்த கேப் தேற்றம் சொல்வதும் இதையொட்டியதே: வலை இரண்டாகப் பிளந்திருக்கும்போது ஒருமைப்பாடு (எங்கே கேட்டாலும் ஒரே பதில்), இடைவிடாத சேவை இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். நமது அமைப்பில் கடைகள் சேவையைத் தேர்ந்தெடுத்துவிட்டன. மையம் ஒருமைப்பாட்டைப் பிடித்துக்கொள்ளலாம். மையம் ஒரு மணி நேரம் இல்லாவிட்டாலும் பில் நிற்காது என்பதால், நள்ளிரவில் தானாக மாறும் சிக்கலான ஏற்பாட்டைவிட, பொறுப்பாளர் பார்த்து மாற்றும் 10 வரிக் கையேடே எங்கள் பரிந்துரை.

வாடிக்கையாளரின் கைபேசி எண் மையத்துக்கு வருகிறதா? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 உங்களைத் தொடும். பகுப்பாய்வுக்கு எண்ணைச் சாதாரண ஹாஷ் (திருப்பி எண்ணாக்க முடியாத குறி) ஆக்கிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். பத்து இலக்கத்துக்கு அதிகபட்சம் 1,000 கோடி சாத்தியங்கள்தான். எல்லாவற்றையும் ஹாஷ் செய்து பார்க்க ஒரு சாதாரண கணினிக்கு அதிக நேரம் ஆகாது. ரகசியச் சாவியையும் சேர்த்து ஹாஷ் செய்யும் எச்மேக் முறையைப் பயன்படுத்தி, சாவியை வேறிடத்தில் பூட்டுங்கள்.

படி 6: அளவு உண்மையிலேயே வளர்ந்தால்

சங்கிலி ஒரு மொபைல் செயலி தொடங்குகிறது. நாளுக்கு 5 கோடி தட்டல்கள், ஒவ்வொன்றும் 1 கேபி. நாளுக்கு 50 ஜிபி, வருடத்துக்கு 18 டிபி. இப்போதுதான் அளவு என்ற காரணம் வாசலுக்கு வருகிறது. ஒரு ஜிகாபிட் இணைப்பில் 1 டிபியை நகர்த்தவே இரண்டேகால் மணி நேரம் ஆகும். டீனும் கெமாவத்தும் 2004-இல் வெளியிட்ட, கணக்கைப் பல கணினிகளுக்குப் பிரித்துத் தரும் மேப்ரெடியூஸ் முறை முதல் இன்றைய ஸ்பார்க் வரை, தரவை நகர்த்துவதைக் குறைப்பதே பாதி வித்தை.

காஃப்காவை வைப்பதானால்: ஒரே தரவை இரண்டு மூன்று குழுக்கள் தனித்தனி வேகத்தில் படிக்கும் நிலை வந்த பிறகு வையுங்கள். நகல் 3, ஒத்திசைந்த நகல் குறைந்தது 2, அனுப்புபவர் எல்லா உறுதிப்பாட்டுக்கும் காத்திருக்கும் அமைப்பு. காஃப்கா தரவைப் பார்ட்டிஷன் எனும் பிரிவுகளாக வைக்கும்; வரிசை ஒழுங்கு ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான் உண்டு. ஒரு குழுவில் பார்ட்டிஷன் எண்ணிக்கைக்கு மேல் எத்தனை பேர் படிக்க வந்தாலும் மீதிப்பேர் சும்மா இருப்பார்கள். பின்னால் பார்ட்டிஷனைக் கூட்டினால் அதே சாவி வேறு பார்ட்டிஷனுக்குப் போய் ஒழுங்கு கலையும், ஆகவே தொடக்கத்திலேயே கொஞ்சம் தாராளமாக வையுங்கள். தரவு இயல்பாக 7 நாள்தான் தங்கும். பொங்கல் விடுமுறைக்கு முன் நின்றுபோன நிரலை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், முதல் நாள்களின் தரவு போயிருக்கலாம்.

கோப்புகளைப் பார்க்கே வடிவில் (நெடுவரிசைவாரியாகச் சேமிக்கும் கோப்பு வடிவம்), தேதிவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 128 எம்பி முதல் 1 ஜிபி வரை இருக்குமாறு எழுதுங்கள். கடைக்கொரு கோப்பு, நிமிடத்துக்கொரு கோப்பு என்று விட்டால் நாளுக்கு 86,400 கோப்புகள். ஹடூப் சேமிப்பில் ஒவ்வொரு கோப்பும் ஒவ்வொரு பிளாக்கும் (கோப்பின் துண்டும்), எது எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் நேம்நோடு கணினியின் நினைவகத்தில் சுமார் 150 பைட் பிடிக்கும். அதைவிட, வினவல் ஓடும் நேரத்தில் பெரும்பகுதி கோப்பைத் திறந்து மூடுவதிலேயே போய்விடும்.

ஸ்பார்க்கில் அடிக்கடி வரும் புகார்: ஒரு கணக்கைப் பிரித்த 200 வேலைகளில் 199 இரண்டு நிமிடத்தில் முடிந்தன, ஒன்று மட்டும் ஒரு மணி நேரமாக ஓடுகிறது. கிளஸ்டருக்கு மேலும் கணினி சேர்த்தாலும் மாறாது. காரணம் கடைக்குள்தான் இருக்கிறது. கைபேசி எண் கொடுக்க விரும்பாதவருக்குக் காசாளர் பத்துப் பூஜ்யம் தட்டுகிறார். அந்த ஒரு "வாடிக்கையாளர்" பெயரில் பாதிப் பில்கள் குவிகின்றன. அவ்வளவும் ஒரே வேலைக்குப் போய்ச் சேர்கிறது. அந்த எண்ணை, அட்டவணைகளை இணைப்பதற்கு முன்பே தனியாகப் பிரித்தெடுங்கள். கடைப் பட்டியல், பொருள் பட்டியல் போன்ற சிறிய அட்டவணைகளை எல்லாக் கணினிக்கும் நகல் அனுப்பி இணைப்பது நல்லது. ஸ்பார்க் 10 எம்பி வரை உள்ளவற்றைத் தானே அப்படிச் செய்யும்.

படி 7: உடைத்துப் பாருங்கள், பிறகு பரப்புங்கள்

இரண்டு கடைகளில் மட்டும் ஒரு மாதம் ஓட்டுங்கள்; மாதக் கடைசியும் மாதத் தொடக்கமும் அதற்குள் வர வேண்டும். அந்த மாதத்தில் வேண்டுமென்றே செய்ய வேண்டியவை: ரவுட்டர் ஒயரைப் பிடுங்குவது, பில் போடும்போது மின்சாரத்தை நிறுத்துவது, வட்டை நிரப்புவது, ஒரு கவுன்ட்டரின் தேதியைப் பின்னோக்கி வைப்பது, மையத்தைப் பட்டப்பகலில் ஒரு மணி நேரம் அணைப்பது. ஒவ்வொன்றுக்கும் பின் மூன்று எண்கள் கடையிலும் மையத்திலும் ஒத்துப்போக வேண்டும்: பில் எண்ணிக்கை, மொத்தத் தொகை, கவுன்ட்டர்வாரியாகக் கடைசித் தொடர் எண். பில் எண்ணில் இடைவெளி தெரிந்தால் மையத்தைத் துருவுவதற்கு முன் கடையின் "அனுப்ப வேண்டியவை" அட்டவணையைப் பாருங்கள்.

60 கடைகளையும் ஒரே நாளில் புதுப் பதிப்புக்கு மாற்ற முடியாது. ஆகவே ஒவ்வொரு பதிவிலும் பதிப்பு எண் இருக்கட்டும். மையத்தை முதலில் மாற்றுங்கள், கடைகளைப் பின்னால். நெடுவரிசையைச் சேர்க்கலாம், பெயர் மாற்றக் கூடாது. மையத்துக்குப் புரியாத பதிவு வந்தால் தூக்கி எறியாமல் தனி அட்டவணையில் ஒதுக்கிவைத்து, காரணத்தையும் எழுதட்டும். ஒரு கெட்ட பதிவு பின்னால் வரும் ஆயிரத்தை மறித்து நிற்பதை இது தவிர்க்கும்.

கண்காணிப்புத் திரையில் வரைபடங்கள் நிறைய வைக்கத் தோன்றும். கடை திறந்திருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்: அனுப்பப்படாமல் இருக்கும் மிகப் பழைய பில்லின் வயது. எண்ணிக்கையை வைத்து எச்சரிக்கை போட்டால் கூட்ட நேரத்தில் வீணாக அலறும், கூட்டமில்லாத கடையில் லைன் போனாலும் வாய் திறக்காது. வயது 15 நிமிடத்தைத் தாண்டினால் முதல் குறுஞ்செய்தி கடை மேலாளருக்குப் போகட்டும். அதில் மூன்று வாக்கியம் போதும்: ரவுட்டர் விளக்கு எரிகிறதா பாருங்கள், அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள், பில் போடுவதை நிறுத்த வேண்டாம்.